எந்த நிலையின் ஒப்புதல்? மூளை மின்முனைகளும் தன்னாட்சிச் சிக்கலும் (1965–2023)

ஆய்வுச் சுருக்கம்

மூளைக்குள் மின்முனைகளைப் பதித்து மனித உணர்வையும் நடத்தையையும் மாற்றும் மருத்துவ முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கின. அவற்றால் மனிதத் தன்னாட்சிக்கு நேரக்கூடிய இடரைத் தகவலறிந்த ஒப்புதல் என்னும் கருவியைக் கொண்டே சட்டமும் மருத்துவ அறவியலும் தடுக்க முயன்றன. 1973ஆம் ஆண்டின் டெட்ராய்ட் தீர்ப்பை மையமாகக் கொண்டு, அம்முயற்சி எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்புதல் தருபவரின் மனநிலையையே கருவி மாற்றிவிடும் என்னும் சிக்கல் 1970இலேயே அச்சில் பதிவாகியிருந்தது. எனினும் பின்னர் எழுந்த வரையறைகள் சிகிச்சையின் நோக்கத்தையே அளவுகோலாகக் கொண்டதால் அச்சிக்கல் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. 2004இல் நெதர்லாந்தில் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

திறவுச்சொற்கள்: தன்னாட்சி, தகவலறிந்த ஒப்புதல், மூளை உள்வைப்பு, ஆழ்மூளைத் தூண்டல், அமிக்டலா, உள அறுவை மருத்துவம், மருத்துவ வரலாறு

முன்னுரை

1972ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 17 ஆண்டுகளாக அரசு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த ஒருவர் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். தம் மூளைக்குள் மின்முனைகளைச் செலுத்தவும், பழுதுற்றதெனக் கண்டறியப்படும் திசுவை அவற்றின் வழியே அழிக்கவும் அவர் இசைவு தந்தார். அவரை எவரும் அச்சுறுத்தவில்லை. பெற்றோரும் எழுத்து வடிவில் இசைந்தனர். இரண்டு மீளாய்வுக் குழுக்கள் திட்டத்தை ஏற்றன. ஆயினும் அடுத்த ஆண்டு ஜூலையில், அத்தகைய கையெழுத்து சட்டத்தின் பார்வையில் ஒப்புதலே ஆகாது என மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

நரம்புத் தொழில்நுட்பம் பற்றிய இன்றைய உரையாடல் பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியே அமைகிறது. எண்ணங்களைப் படிக்கும் கருவிகள், கணினியுடன் இணையும் மூளை ஆகியவை வரப்போகும் செய்திகளாகவே பேசப்படுகின்றன. அவை எழுப்பும் முதன்மையான கேள்விகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே மருத்துவமனைகளிலும் நீதிமன்றத்திலும் எழுந்துவிட்டவை. தன் வாழ்வைப் பற்றிய முடிவைத் தானே, தனக்குரிய காரணங்களால் எடுக்கும் ஆற்றல் என்னும் பொருளில் ‘தன்னாட்சி’ என்ற சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. அவ்வாற்றலுக்குக் காவலாக நிறுத்தப்பட்ட ஒப்புதல் என்னும் கருத்தின் வரலாறே இங்குப் பேசுபொருள்.

பொத்தான் யார் கையில்?

1965ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் இதழின் முதற்பக்கத்தில் ஒரு காளைச் செய்தி வெளிவந்தது. யேல் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ஹோசே டெல்காடோ, ஸ்பெயினின் கோர்டோபாவில் சண்டைக் காளை ஒன்றின் மூளையில் மின்முனைகளைப் பதித்திருந்தார். பாய்ந்து வந்த காளையைத் தம் கையிலிருந்த வானொலி அலைபரப்பியின் பொத்தானை அழுத்தி அவர் நிறுத்தினார். 1963இல் நிகழ்ந்த இச்சோதனையின் ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவின. காளையின் சினமே அடக்கப்பட்டதாக மக்கள் நம்பினர். உளவியல் அறிஞர் எலியட் வாலன்ஸ்டைன் 1973இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். தூண்டல் காளையின் உடலை ஒரு பக்கமாகத் திருப்பியதே அது நின்றதற்குக் காரணம். சினம் தணிந்ததற்குச் சான்று இல்லை என்பது அவர் வாதம். அம்மறுப்பு படத்தின் புகழை எட்டவில்லை.

காளையைவிட எண்ணத்தக்கது டெல்காடோவின் குரங்குச் சோதனை. ஒரு குரங்குக் கூட்டத்தின் தலைமை ஆணின் மூளையில் மின்முனை பதிக்கப்பட்டது. அதனைத் தூண்டும் நெம்புகோல் கூண்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது. தலைவன் மிரட்டும்போது நெம்புகோலை அழுத்தினால் அவன் தணிவான் என்பதை ஒரு பெண் குரங்கு கற்றுக்கொண்டது. இங்குக் கட்டுப்படுத்துபவர் ஆய்வாளர் அல்லர். மூளைக்குள் கருவி வைக்கப்பட்டவர் ஒருவர், அதன் விசையை வைத்திருப்பவர் இன்னொருவர் என்னும் பிரிவே அச்சோதனையின் அரசியல். 1969இல் டெல்காடோ எழுதிய நூல், மனத்தை இயற்பியல் வழியில் கட்டுப்படுத்தி நாகரிகச் சமுதாயத்தை அமைக்கலாம் என்றது. வாசகர் பலர் அஞ்சியது காளைக்காக அன்று.

ஆனால் விசையை நோயாளியின் கையிலேயே தந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் மனநோயாளிகளின் மூளையில் மின்முனைகளைப் பதித்து வந்த ராபர்ட் ஹீத், 1972இல் வெளியான ஓர் ஆய்வில் பி-19 எனக் குறிக்கப்பட்ட இளைஞரைப் பற்றி எழுதினார். அவருடைய ஒருபாலீர்ப்பை மாற்றுவது அவ்வாய்வின் நோக்கம். இன்பம் தரும் மூளைப் பகுதியைத் தூண்டும் பொத்தான் அவ்விளைஞரிடமே கொடுக்கப்பட்டது. ஒரே அமர்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அவர் அதனை அழுத்தினார். கருவியைப் பிரித்தபோது கடுமையாக எதிர்த்தார். விரல் அவருடையது. விருப்பம் எவருடையது என்பதை அவ்வாய்வுக் கட்டுரை கேட்கவில்லை. அந்நோக்கமே தன்னளவில் இழிவானது என்பதை அன்றைய மருத்துவ இதழ்கள் உணரவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

தாமஸ் ஆர். என்னும் நோயாளி

1967 ஜூலையில் டெட்ராய்ட் நகரில் வெடித்த கலவரத்தில் 43 பேர் இறந்தனர். காவல்துறையின் ஒடுக்குமுறை, குடியிருப்புப் பாகுபாடு, வேலையின்மை ஆகியவற்றால் கருப்பின மக்களிடையே திரண்ட சினம் அதன் பின்புலம். அவ்வாண்டு செப்டம்பரில் வெர்னன் மார்க், வில்லியம் ஸ்வீட், ஃபிராங்க் எர்வின் ஆகிய மூன்று பாஸ்டன் மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவக் கழக இதழுக்கு ஒரு கடிதம் எழுதினர். வறுமையும் சேரி வாழ்வும் காரணங்கள்தாம். ஆனால் அச்சேரிகளில் வாழ்ந்த மிகப் பெரும்பான்மையோர் வன்முறையில் இறங்கவில்லை. அப்படியானால் இறங்கியவர்களின் மூளையில் கோளாறு உண்டா என ஆராய வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். ஒரு சமூகத்தின் முறையீடு மண்டையோட்டுக்குள் தேடப்படும் கோளாறாக மாறிய இடம் அது.

மார்க்கும் எர்வினும் 1970இல் வன்முறையையும் மூளையையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதில் தாமஸ் ஆர். என்ற புனைபெயரில் வரும் நோயாளி, வலிப்பு நோயும் கட்டுக்கடங்காச் சினமும் உடைய 34 வயதுப் பொறியாளர். அவருடைய இரு பக்க அமிக்டலாக்களிலும் மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்தன. அமிக்டலா என்பது அச்சம், சினம் முதலிய உணர்வுகளில் பங்கு வகிக்கும், பாதாம் பருப்பின் வடிவுடைய மூளைப் பகுதி. அதன் ஓரிடத்தைத் தூண்டினால் அவர் அமைதியடைந்தார். மருத்துவர்கள் அப்பகுதியில் நிலையான அழிப்பைச் செய்யலாம் என்றபோது, தூண்டலின் அமைதியில் இருந்த அவர் இசைந்தார். 12 மணி நேரத்திற்குப் பின் தூண்டலின் விளைவு நீங்கியது. தம் மூளையைப் பிறர் அழிப்பதா எனச் சினந்து அவர் முற்றிலும் மறுத்தார். பல வாரங்கள் எடுத்துரைத்த பின்னரே மீண்டும் இசைந்ததாக நூல் கூறுகிறது.

இச்செய்தியை நூலாசிரியர்களே எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களுக்கு இது நோயின் அறிகுறி: அமைதியாக இருந்தபோது அறிவுடன் இசைந்தவர், நோய் திரும்பியதும் அறிவிழந்து மறுத்தார். ஆனால் அதே நிகழ்வைத் திருப்பியும் படிக்கலாம்: மறுத்தவர்தான் தாமஸ், இசைந்தவர் மின்முனையால் ஆக்கப்பட்ட ஒருவர். இரண்டு வாசிப்புகளுள் ஒன்றைத் தேர வெளியிலிருந்து அளவுகோல் எதுவும் இல்லை. ஒப்புதல் என்பது சிகிச்சைக்கு வெளியே நின்று ஒருவர் தரும் இசைவு. சிகிச்சை தொடங்கிவிட்ட பிறகு, அதன் விளைவுக்குள் இருந்தபடியே அடுத்த கட்டத்திற்குத் தரப்படும் இசைவுக்கு அப்பெயர் பொருந்துமா என்பதே தாமஸ் ஆர். விட்டுச்சென்ற கேள்வி.

அறுவைக்குப் பின் அவருடைய சினம் அடங்கியது என்றனர் மருத்துவர்கள். அவர் தனித்து வாழும் ஆற்றலையே இழந்தார் என்றனர் பீட்டர் பிரெகின் முதலிய எதிர்ப்பாளர்கள். வழக்கு நடந்தது, 1979இல் நடுவர் குழு மருத்துவர்களுக்குச் சார்பாக முடிவு சொன்னது.

கைமோவிட்ஸ் வழக்கு

டெட்ராய்ட் நகரின் லஃபாயெட் மருத்துவமனையில் ஏர்ன்ஸ்ட் ரோடின், ஜாக் காட்லீப் ஆகியோர் 1972இல் ஓர் ஆய்வுத் திட்டத்தை முன்வைத்தனர். கட்டுப்படுத்த இயலாத வன்முறை இயல்புடையோரிடம் அமிக்டலா அறுவையின் விளைவையும், ஆண் இயக்குநீரைக் குறைக்கும் சைப்ரோடெரோன் அசிடேட் என்னும் மருந்தின் விளைவையும் ஒப்பிடுவது அதன் நோக்கம். மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்கியது. 24 பேரைக் கொண்டு நடத்தத் திட்டமிடப்பட்ட ஆய்வுக்குத் தகுதியானவராகக் கிடைத்தவர் ஒருவரே. நீதிமன்ற ஆவணங்கள் அவரை ஜான் டோ என்றே குறிக்கின்றன.

ஜான் டோ ஒரு செவிலி மாணவியைக் கொன்று வன்புணர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். குற்ற விசாரணை நடைபெறாமலேயே, பாலியல் குற்ற மனநோயாளி என்னும் சட்டப் பிரிவின்கீழ் 1955இல் காலவரையறையின்றி அடைக்கப்பட்டார். அச்சட்டம் 1968இல் நீக்கப்பட்ட பின்னும் அவர் விடுவிக்கப்படவில்லை. இவரைப் போன்றவருக்காக வாதாடுவது எளிதன்று. உரிமை பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் நல்லவர்களை முன்னிறுத்தியே பேசப்படுகின்றன. அவற்றின் வலிமை சோதிக்கப்படுவது இத்தகையோரிடத்தில்தான்.

திட்டத்தை மீளாய்வு செய்யும் குழுக்கள் இரண்டு அமைக்கப்பட்டன. ஒன்று அறிவியல் தகுதியையும் மற்றொன்று மனித உரிமையையும் பார்த்தன. மனித உரிமைக் குழுவில் சட்டப் பேராசிரியர் ஒருவரும், கத்தோலிக்கக் குரு ஒருவரும், கணக்குத் தணிக்கையாளர் ஒருவரும் இருந்தனர். தொழில்நுட்பக் கூறுகளைப் பற்றிச் சொல்லத் தமக்குத் தகுதியில்லை எனவும், நோயாளிக்கு முறையாக விளக்கப்பட்டதாகவே தாம் ஊகிப்பதாகவும் எழுதி, தணிக்கையாளர் தம் ஏற்பைத் தெரிவித்தார். நேர்மையான குறிப்புத்தான். ஒப்புதலை மேற்பார்வையிடும் அமைப்பு எவ்வளவு மெல்லிய நம்பிக்கையின் மீது நின்றது என்பதையும் அதுவே காட்டுகிறது.

1973 ஜனவரியில் நடைபெற இருந்த அறுவையைப் பற்றி மிச்சிகன் சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் கேப் கைமோவிட்ஸ் அறிந்தார், செய்தித்தாளுக்குத் தெரிவித்தார், நீதிமன்றத்தையும் நாடினார். எதிர்ப்புக் கிளம்பியதும் மனநலத் துறை நிதியை நிறுத்தித் திட்டத்தைக் கைவிட்டது. இத்தகைய முயற்சி மீண்டும் நிகழக்கூடும் என்பதால் வழக்கு முடிந்துவிடவில்லை என நீதிமன்றம் கருதி விசாரணையைத் தொடர்ந்தது. இதற்கிடையே மார்ச் 23ஆம் நாள், ஜான் டோவை அடைத்து வைத்திருப்பதே அரசமைப்புக்கு முரணானது என நீதிபதிகள் முடிவு செய்தனர்.

வழக்கின் திருப்புமுனை அதன் பின்னரே வந்தது. அதுவரை அறுவைக்கு உறுதியாக இசைந்திருந்த ஜான் டோ, விடுதலை கிடைக்கும் என்பது தெளிவானதும் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். அவருக்காக வாதாடிய சட்டப் பேராசிரியர் ராபர்ட் பர்ட் பின்னர் இதைப் பற்றி எழுதியுள்ளார். எந்தச் சாட்சியும் தர இயலாத தெளிவை அம்மாற்றம் தந்தது. மின்முனையின் அபாயமோ அறுவையின் பயனோ ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மாறவில்லை. கதவு மட்டுமே திறந்தது.

1973 ஜூலை 10ஆம் நாள் வெய்ன் கவுண்டி வட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளிவந்தது. நியூரம்பர்க் நெறித்தொகுப்பை அடியொற்றி, தகுதி, தன்விருப்பம், தகவலறிவு ஆகிய மூன்று கூறுகளை அது ஆய்ந்தது. நீண்டகாலம் அடைக்கப்பட்டவர் அன்றாடச் சிறு முடிவுகளையும் பிறரிடம் விட்டுவிடப் பழகுகிறார். விடுதலையே அவருடைய தலையாய வேட்கை. அதிகாரிகளின் நன்மதிப்பைப் பெறுவதே அதற்கான வழி எனக் கருதுகிறார். அத்தகைய சூழலில் எழும் இசைவு தன்விருப்பம் ஆகாது. அறுவையின் விளைவுகள் போதிய அளவு அறியப்படாதபோது தகவலறிவும் இல்லை. ஆகவே கட்டாயமாக அடைக்கப்பட்டவர், மூளையின் மீதான சோதனை நிலை அறுவைக்குச் சட்டப்படி செல்லத்தக்க ஒப்புதல் தர இயலாது என்பது முடிவு.

தீர்ப்பின் இன்னொரு பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. கருத்தை வெளியிடும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் காக்கிறது. கருத்தை உருவாக்கும் ஆற்றல் காக்கப்படாவிடில் வெளியிடும் உரிமைக்குப் பொருளில்லை. மூளை அறுவை அவ்வாற்றலையே சிதைக்கக்கூடும் என்பதால் அரசு அதில் தலையிட மிக வலுவான காரணம் வேண்டும் என்றனர் நீதிபதிகள். உடலின் மீதான உரிமையாக மட்டும் கருதப்பட்டுவந்த ஒன்று, இங்கு மனத்தின் மீதான உரிமையாக விரிந்தது.

வரையறை விட்ட இடைவெளி

டெட்ராய்ட் தீர்ப்பு மதிலைக் கண்டது. மின்முனையைப் போதிய அளவு காணவில்லை என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஒப்புதலைக் கெடுப்பது சுற்றியுள்ள சிறை என்றால், சிறைக்கு வெளியே உள்ளவரின் ஒப்புதல் நல்ல ஒப்புதலாகிவிடும். தாமஸ் ஆர். சிறையில் இருந்தவர் அல்லர். அவருடைய இசைவைக் கேள்விக்குரியதாக்கியது மதில் அன்று. மூளைக்குள் இருந்த கம்பி.

1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஆய்வுச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம், உள அறுவை மருத்துவம் பற்றிய அறிக்கையை 1977இல் அளித்தது. முழுத் தடை வரும் எனப் பலர் எதிர்பார்த்திருக்க, சில அறுவைகளால் பயன் உண்டு என அது கண்டது. கடுமையான காப்புகளுடன் அனுமதிக்கலாம் என்றது. கவனிக்க வேண்டியது அதன் வரையறை. மின்முனைகளைப் பதித்தலும் மூளையை நேரடியாகத் தூண்டலும் உள அறுவையுள் அடங்கும் என ஆணையம் தெளிவாகவே சொன்னது. ஆனால் நடத்தையையோ உணர்ச்சியையோ மாற்றுவதை முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தால் மட்டுமே அவ்வரையறை பொருந்தும். பார்க்கின்சன் நோய், வலிப்பு முதலியவற்றிற்கான மூளை அறுவைகள் அதில் சேரா. நோக்கத்தின்படி வகுப்பது நிர்வாகத்திற்கு எளிது. மின்முனையோ நோக்கத்தை அறியாது. தான் வைக்கப்பட்ட இடத்தில் உள்ள நரம்பணுக்கள் அனைத்தையும் தூண்டும்.

சென்னையின் அமிக்டலா அறுவைகள்

டெட்ராய்டில் ஒரேயோர் அறுவை நீதிமன்றத்தை உலுக்கிய அதே காலத்தில், சென்னையில் அதே மூளைப் பகுதியில் அறுவைகள் வழக்கமாக நடைபெற்று வந்தன. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய பா. இராமமூர்த்தியும், வே. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா முதலியோரும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் உலக அளவில் அறியப்பட்டவர்கள். மண்டையோட்டைத் திறக்காமல், சிறு துளையின் வழியே, முப்பரிமாண அளவீட்டைக் கொண்டு மூளையின் ஆழப் பகுதியை அடையும் முறை அது. டோக்கியோவில் ஹிரோட்டாரோ நாராபயாஷி 1963இல் வெளியிட்ட அமிக்டலா அறுவை முடிவுகளைத் தொடர்ந்து சென்னைக் குழுவும் இத்துறையில் இறங்கியது. இராமமூர்த்தி 1988இல் வெளியிட்ட தொகுப்பில் இரு பக்க அமிக்டலா அறுவைகள் மட்டுமே 400க்கு மேல்.

இவ்வறுவைகளுக்கு அக்குழுவினர் இட்ட பெயர் ‘அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை’ என்னும் பொருளுடையது. நோயாளியை அமைதியானவராகவும் கையாளத்தக்கவராகவும் ஆக்கும் அறுவை என அவர்களே அதனை வரையறுத்தனர். கையாளத்தக்கவர் என்னும் சொல் நோயாளியின் பக்கத்திலிருந்து எழுந்ததன்று. அவரைக் கையாள வேண்டியவர்களின் பக்கத்திலிருந்து எழுந்தது. நோயாளிகளுள் குழந்தைகள் பலர் என்பதால் இசைவு பெற்றோருடையதாகவே இருக்க முடியும்.

இதனைக் கொண்டு அம்மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்று நேர்மையாகாது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பும் வெறியும் கொண்ட குழந்தையை இரவும் பகலும் காத்துநின்ற குடும்பத்திற்கு, டெட்ராய்ட் நீதிமன்றம் பேசிய கருத்துருவாக்க உரிமை என்ன பொருள் தந்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். எனினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. அமெரிக்காவில் இந்த அறுவை பொது விவாதமானது. இங்கு மருத்துவ இதழ்களுக்குள்ளேயே நின்றது. அக்காலத்தில் நடப்பிலிருந்த 1912ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டம், அடைத்தல், சொத்து மேலாண்மை ஆகியவற்றையே பெரிதும் பேசியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் அறநெறி அறிக்கை 1980இல்தான் வந்தது. மனநோய்க்கு உள அறுவை செய்ய நோயாளியின் தகவலறிந்த ஒப்புதலும் மனநல வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்னும் விதி 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவில் இடம்பெற்றது. அங்கும் ‘மனநோய்க்கான சிகிச்சை’ என்னும் நோக்கமே எல்லையாக நிற்கிறது.

மாஸ்ட்ரிக்ட், 2004

1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் குழுவினர், திசுவை அழிக்காமல் தொடர்ந்து உயர் அலைவெண் மின்தூண்டல் தந்தே நடுக்கத்தை அடக்கலாம் எனக் காட்டினர். ஆழ்மூளைத் தூண்டல் என இன்று அறியப்படும் இம்முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் நடுக்கத்திற்கும் 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் இசைவளித்தது. இதன் பெருஞ்சிறப்பு மீளத்தக்கது என்பதே. அழித்த திசு திரும்பாது, மின்னோட்டத்தையோ நிறுத்திவிடலாம். 1970களின் அச்சங்களுக்கு இதுவே விடை எனப் பலர் கருதினர்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டைச் சேர்ந்த லேன்ட்யன்ஸ் முதலிய மருத்துவர்கள் 2004இல் தம் நாட்டு மருத்துவ இதழில் வெளியிட்ட ஒரு நோயாளர் வரலாறு அந்த நம்பிக்கையை அசைத்தது. பார்க்கின்சன் நோயால் முடங்கிய 62 வயது ஆண் ஒருவருக்கு ஆழ்மூளைத் தூண்டல் தரப்பட்டது. உடல் இயங்கியது. ஆனால் மேனியா எனப்படும் மிகை எழுச்சி மனநிலை அவரைப் பற்றிக்கொண்டது. மருந்துகள் பயன்தரவில்லை. தூண்டல் இயங்கும்போது அவர் நடமாடினார். முடிவெடுக்கும் தகுதியை இழந்திருந்தார். தூண்டலை நிறுத்தினால் மனம் தெளிந்தது; உடலோ படுக்கையில் கிடந்தது. இடைநிலை எதுவும் கிட்டவில்லை.

மருத்துவர்கள் தூண்டலை நிறுத்தி, அவர் தகுதியுடன் இருந்த வேளையில், எந்த வாழ்வை விரும்புகிறார் எனக் கேட்டனர். தூண்டல் இயங்கட்டும், மனநல மருத்துவமனையில் தம்மை வைத்திருக்கட்டும் என்றார் அவர். அதன்படியே செய்யப்பட்டது. ஜான் டோ மதிலுக்கு வெளியே செல்வதற்காக மின்முனைக்கு இசைந்தார். மாஸ்ட்ரிக்ட் நோயாளி மின்முனைக்காக மதிலுக்குள் செல்ல இசைந்தார். அவருடைய முடிவு மதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு முடிவின் வழியே அவர் இனி முடிவெடுக்கும் தகுதியையே ஒப்படைத்தார். பின்னொரு நாள் தூண்டலின் எழுச்சியில் இருந்தபடி அவர் வேறொன்றைக் கேட்டிருந்தால், எந்தக் குரலை மருத்துவர் கேட்டிருக்க வேண்டும்? தாமஸ் ஆரின் மருத்துவர்கள் தூண்டல் இயங்கிய நிலையின் இசைவை அறிவின் குரலாக எடுத்தனர். மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள் தூண்டல் நின்ற நிலையின் இசைவை அவ்வாறு எடுத்தனர். 34 ஆண்டு இடைவெளியில் விடை நேர் எதிராகத் திரும்பியுள்ளது. முன்னேற்றம் என இதனைக் கொள்ளலாம். ஆயினும் இவருக்குச் செய்யப்பட்டது பார்க்கின்சன் சிகிச்சை. 1977ஆம் ஆண்டின் ஆணையம் வகுத்த உள அறுவை என்னும் வரையறைக்குள் இவர் வந்திருக்கவே மாட்டார்.

அகற்றுதல்

டெட்ராய்ட் தீர்ப்பின் மறக்கப்பட்ட பாதி வேறொரு கண்டத்தில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. சிலி நாடு 2021 அக்டோபரில் தன் அரசமைப்பைத் திருத்தி, மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்க வேண்டும் எனச் சேர்த்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கிடோ ஹிரார்டி தொடுத்த வழக்கில், எமோட்டிவ் நிறுவனம் சேமித்த அவருடைய மூளைத் தரவுகளை அழிக்குமாறு ஆணையிட்டது. அக்கருவி தலையில் அணிவது மட்டுமே, உள்வைப்பு அன்று. சட்டம் மூளையிலிருந்து வெளியேறும் தகவலைக் காக்கத் தொடங்கியிருக்கிறது. மூளைக்குள் இருக்கும் கருவியின் நிலை இன்னும் தெளிவாகவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2010இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதனைக் காட்டுகிறது. நியூரோவிஸ்டா என்னும் நிறுவனத்தின் கருவி, வலிப்பு வருமுன் எச்சரிப்பதற்காக 15 பேருக்குப் பொருத்தப்பட்டது. அது எதையும் தூண்டவில்லை. மூளை அலைகளைக் கேட்டு, வண்ண விளக்கால் முன்னறிவித்தது. பின்னர் நிறுவனத்தின் நிதி தீர்ந்தது. கருவிகள் அகற்றப்பட வேண்டும் என்றனர். பங்கேற்ற பெண் ஒருவர் மறுத்தார். அக்கருவியால்தான் முதன்முறையாகத் தனியே வெளியே சென்று வாழ முடிந்தது என்றார். வீட்டை அடகு வைத்தாவது அதனை விலைக்கு வாங்க அவரும் கணவரும் முயன்றனர். இயலவில்லை. கருவி எடுக்கப்பட்டது, தம்மில் ஒரு பகுதியை இழந்ததாக அவர் கூறியதை ஃபிரெடெரிக் கில்பர்ட், மார்செல்லோ இயென்கா, மார்க் குக் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு பதிவுசெய்துள்ளது.

1973இன் சட்டம் மூளைக்குள் ஒன்று புகுவதற்கு எதிராக ஒருவரைக் காத்தது. மெல்போர்ன் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அதன் மறுபக்கம். ஆய்வில் சேர்ந்தபோது அவர் தந்த ஒப்புதல் கருவி இல்லாதிருந்த ஒருவருடையது. அகற்ற மறுத்தவரோ அக்கருவியுடன் வாழ்ந்து வேறொருவராக ஆகியிருந்தார். மருத்துவர்கள் கையில் முன்னவரின் கையெழுத்து இருந்தது.